சூளை அறையில் ஜன்னல் திறந்திருந்தால் போதுமா?

வாசகி ஒருவர் எழுதிய கடிதம்:

"மட்பாண்டம் சுடும் பழைய மின்சூளை ஒன்றை வாங்கி வீட்டின் பின்புற அறையில் வைத்திருக்கிறேன். மூடியை மேலே தூக்கும் வகை, 7 கிலோவாட். அறையில் ஒரு ஜன்னலும், அதற்கு மேலே சின்ன எக்ஸாஸ்ட் ஃபேனும் இருக்கின்றன. கிளேஸ், அதாவது கண்ணாடிபோன்ற மேல்பூச்சு, பூசிச் சுடும்போது பெரிதாக எதுவும் தெரிவதில்லை. இன்னும் சுடாத பச்சைப் பாண்டங்களை முதல் தடவை சுடும்போதுதான் ஒரு கருகல் வாடை கிளம்பிப் படுக்கையறை வரை வருகிறது. போன முறை எனக்கு நெற்றிப்பொட்டில் வலி. மகளும் தலை வலிக்கிறது என்றாள். அவளுக்கு எட்டு வயது, அவள் தூங்குவது பக்கத்து அறையில். சூடு தாங்காமல் டேபிள் ஃபேனும் போட்டுப் பார்த்தேன். 'ஜன்னலை நன்றாகத் திறந்து வை, போதும்' என்கிறார் கணவர். போதுமா? சூளைக்கு மேலே ஹூட் (புகையை உறிஞ்சும் கூண்டு) வைக்க வேண்டுமா, சூளைக்கு அடியிலிருந்து உறிஞ்சும் கருவி வைக்க வேண்டுமா? மாஸ்க் போட்டுக்கொண்டால் ஆகாதா? இரவில் சுட்டால் பகல் வேலை கெடாது, அப்படிச் செய்யலாமா?"

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் தலைவலியைப் பேசிவிடுவோம். சூளை ஓடிய நாளில், ஒரே வீட்டில், ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத் தலை வலித்திருக்கிறது. இதை வெயில் என்றோ தூக்கக் குறைவு என்றோ தள்ளிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உடம்புக்குள் போனால் பெரும்பாலும் முதலில் தெரிவது தலைவலிதான். அப்புறம் தலைசுற்றல், குமட்டல், அசதி. காய்ச்சல் வரப்போவதுபோல இருக்கும், ஆனால் உடம்பு சுடாது. வெளியே போய் நின்றால் குறைந்து, வீட்டுக்குள் வந்ததும் திரும்பினால் அது சூளையின் வேலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் ஏற்பாட்டைச் செய்து சோதித்துப் பார்க்கும்வரை அந்த அறையில் எதையும் சுடாதீர்கள்.

இனி எப்போதாவது சூளை ஓடும்போது வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால், வெளியேறும் வழியிலேயே சுவிட்ச் இருந்தால் அணையுங்கள், இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். எல்லோரும் வெளியே வந்தபின் மருத்துவ உதவியை அழைத்து, சூளை ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் மருத்துவர் சரியான ரத்தப் பரிசோதனையைக் கேட்பார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. இந்த விஷயத்தில் அதை நம்பவே கூடாது. ஹீமோகுளோபினில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று பிரித்துப் பார்க்க அந்தச் சாதாரணக் கருவியால் முடியாது. ஆபத்தில் இருப்பவருக்கும் 98 என்று காட்டும். இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. நல்ல காற்றுக்கு வந்த பிறகும், ரத்தத்தில் இருப்பதில் பாதி வெளியேற நான்கைந்து மணி நேரம் ஆகும். அதனால் மறுநாள் போய்ப் பரிசோதித்தால் ஒன்றும் தெரியாமலே போகலாம்.

மின்சூளையில் நெருப்பே இல்லையே, வாயு எங்கிருந்து வந்தது என்று கணவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். வாயு மண்ணிலிருந்தே வருகிறது. எந்தக் களிமண்ணிலும் இலை, வேர், நுண்ணுயிர் என்று மட்கிப்போன உயிர்ப்பொருள் கொஞ்சம் கலந்திருக்கும். அதோடு கந்தகச் சேர்மங்களும், சிறிதளவு ஃப்ளோரினும் இருக்கும். நாம் வேறு கிளேஸ் ஒட்டாமலிருக்க மெழுகு தடவுகிறோம், சில மண்ணில் காகிதக்கூழைக் கலக்கிறோம், கிளேஸில் பசை சேர்க்கிறோம். சூடு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இந்தக் கரிமப் பொருள்கள் கருக ஆரம்பிக்கும். மூடிய சூளைக்குள் ஆக்சிஜன் பற்றாது. பற்றாக்குறையில் எரியும் கரி கார்பன் மோனாக்சைடாகத்தான் வெளிவரும். ஏறக்குறைய 700 டிகிரி வரைக்கும் இது நடக்கும். உங்களுக்கு முதல் சுடுதலில் மட்டும் வாடை வந்ததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் வாடையை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. நீங்கள் முகர்ந்தது அதோடு சேர்ந்து வந்த கருகல் புகையும், தீக்குச்சி உரசியதும் மூக்கில் ஏறுமே, அந்தக் கந்தக நெடியும்தான். அதுகூடக் கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும். கிளேஸ் சுடும்போது வாடை இல்லை என்றால் வாயுவே இல்லை என்றும் அர்த்தம் இல்லை. கந்தக ஆக்சைடுகளிலும் ஃப்ளோரின் சேர்மங்களிலும் ஒரு பகுதி 700 டிகிரிக்கு மேலேதான் வெளியேறுகிறது. நிறத்துக்காகச் சேர்க்கும் உலோகங்களும் உச்ச சூட்டில் கொஞ்சம் ஆவியாகும்.

இதை நம்பக் கஷ்டமாக இருந்தால் உங்கள் சூளையையே கிட்டப் போய்ப் பாருங்கள். பார்வைத் துளையைச் சுற்றியும், மூடி வந்து உட்காரும் விளிம்பிலும் இருக்கும் உலோகத் தகடு மற்ற இடங்களைவிட மங்கியோ, செம்பழுப்பாகத் துருப்பிடித்தோ இருக்கும். பழைய சூளை என்பதால் கண்டிப்பாக இருக்கும் என்றே நினைக்கிறேன். கந்தக வாயுவும் நீராவியும் சேர்ந்து அமிலமாகி அரித்த தடம் அது. இன்னொரு சாட்சி, வெள்ளீய ஆக்சைடு கலந்த வெள்ளைக் கிளேஸ். குரோமியம் கலந்த பச்சைக் கிளேஸ் பூசிய கிண்ணத்தை அதன் பக்கத்தில் வைத்துச் சுட்டால், கிண்ணத்தைப் பார்த்திருந்த பக்கம் மட்டும் வெள்ளை இளஞ்சிவப்பாகிவிடும். இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. குரோமியம் ஆவியாகி, காற்று வழியே போய் ஒட்டியிருக்கிறது. பக்கத்துக் கிண்ணம் வரை போவது, மூடியின் இடுக்கு வழியாக வெளியேயும் வரும்.

குரோமியத்தைவிட மாங்கனீசு எனக்கு அதிகக் கவலை தருவது. கருப்பு மண்ணிலும், புள்ளி புள்ளியாகத் தெரியும் மண்ணிலும் அது இருக்கும். அதன் ஆவியை நீண்ட காலம் சுவாசித்தால் நரம்பு மண்டலம் கெடும், பார்க்கின்சன் நோயை ஒத்த நடுக்கமும் விறைப்பும் வரும். ஈயக் கிளேஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஈயம் குயவர்களை என்ன செய்கிறது என்று இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி 1700ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். குழந்தை இருக்கும் வீட்டில் ஈயமோ காட்மியமோ கலந்த கிளேஸுக்கு இடமே கொடுக்காதீர்கள். மாங்கனீசு மண்ணை, அறையை ஒழுங்குபடுத்தும்வரை ஒதுக்கி வையுங்கள்.

இப்போது ஜன்னலுக்கு வருவோம். அறைக்குக் காற்றோட்டம் கொடுப்பது வேறு, சூளைக்குக் காற்றோட்டம் கொடுப்பது வேறு. என் பதிலில் இதுதான் முக்கியம். ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும் செய்வது முதல் வேலை. சூளையிலிருந்து கசிந்து அறை முழுக்கப் பரவி, உங்கள் மூக்கையும் கடந்து போன பிறகு மிச்சத்தை வெளியே தள்ளுகின்றன. உடைந்த குழாயை அடைக்காமல் தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பதுபோல. வாயுவைச் சூளைக்குள்ளேயே பிடித்து வெளியே அனுப்புவதுதான் நமக்குத் தேவை.

உங்கள் ஃபேனின் நிலைமையையும் பாருங்கள். ஜன்னலுக்கு மேலேயே ஃபேன் இருக்கிறது என்கிறீர்கள். ஜன்னலையும் திறந்து வைத்தால், ஃபேன் அந்த ஜன்னல் வழியாக வரும் காற்றையே உறிஞ்சி அதே சுவரில் வெளியே தள்ளும். அறையின் மறுபக்கம் இருக்கும் சூளையைச் சுற்றிய காற்று அசையவே அசையாது. ஜன்னலை மூடி, எதிர்ப்பக்கக் கதவின் கீழே இடைவெளி விட்டால்தான் காற்று அறையைக் குறுக்கே கடக்கும். கணவர் சொன்னதற்கு நேர் எதிர். அதோடு டேபிள் ஃபேன் அறைக்காற்றைக் கலக்கிக் கதவுப்பக்கம் தள்ளியிருக்கிறது. படுக்கையறைக்கு வாடை வந்த வழி அதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஃபேனைச் சூளை ஓடும்போது மறுபடி போடாதீர்கள்.

ஹூட்டா, அடியிலிருந்து உறிஞ்சும் கருவியா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் சூளைக்கு அடியிலிருந்து உறிஞ்சுவதுதான் சரி. தயங்காமல் சொல்கிறேன்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. சூளையின் மூடியிலும் தரையிலும் பென்சில் பருமனுக்கும் குறைவாக, ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் அளவில் சில துளைகள் போடுவார்கள். தரைத் துளைகளுக்கு அடியில் ஒரு உலோகப் பெட்டி ஒட்டி நிற்கும். பெட்டியிலிருந்து குழாய் கிளம்பிச் சுவரில் இருக்கும் விசிறிக்குப் போகும். விசிறி இழுக்கும்போது அறைக்காற்று மூடித் துளைகள் வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி, பாண்டங்களுக்கு நடுவே கடந்து, வாயுவைச் சேர்த்துக்கொண்டு அடியில் வெளியேறும். பெட்டியிலும் சில துளைகள் உண்டு. அவற்றின் வழியே குளிர்ந்த அறைக்காற்று ஏராளமாகக் கலந்து சூட்டைத் தணித்துவிடும். இழுக்கப்படும் காற்றில் பெரும்பங்கு அறைக்காற்றுதான், சூளையிலிருந்து வருவது மிகக் கொஞ்சம். அதனால் சுடும் சூடு வீணாவதும் கொஞ்சம்தான். எல்லாவற்றையும்விட முக்கியம், சூளைக்குள் அழுத்தம் அறையைவிட ஒரு துளி குறைந்துவிடுகிறது. இடுக்குகளில் வாயு வெளியே கசிவதற்குப் பதில், காற்று உள்ளே கசியும்.

பொருத்தும்போது விசிறியைச் சுவரிலேயே, குழாயின் கடைசி முனையில் வைக்கச் சொல்லுங்கள். சூளைப் பக்கத்தில் வைத்தால் அறைக்குள் இருக்கும் நீளக் குழாய் முழுவதும் வாயுவை அழுத்தித் தள்ளும் குழாயாகிவிடும். அதில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தாலும் அறைக்குள்தான் கொட்டும். விசிறி கடைசியில் இருந்தால் ஓட்டை விழுந்தாலும் அறைக்காற்றை உள்ளே இழுக்குமே தவிர எதையும் வெளியே விடாது. குழாய் உலோகமாக இருக்கட்டும், பிவிசி வேண்டாம். நீளமும் வளைவுகளும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. நடுவில் தொய்வு விடாமல், வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கட்டும். முதல் சுடுதலில் நிறைய நீராவி வரும், தொய்வில் அமிலத் தண்ணீர் தேங்கிக் குழாயைத் தின்றுவிடும். வெளி முனை மகளின் அறை ஜன்னல் பக்கம், பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம், ஆள் நடக்கும் பாதைப் பக்கம் திரும்பக் கூடாது. சமையலறைப் புகைபோக்கியிலோ குளியலறைக் குழாயிலோ இதைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அந்த விசிறி ஓடாத நேரத்தில் வாயு வீட்டுக்குள் திரும்பி வரும்.

எத்தனை துளை என்பது சூளையின் கொள்ளளவைப் பொறுத்தது, கருவியின் கையேட்டில் இருக்கும். அதிகம் போட்டால் அதிகப் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். துளை கூடினால் உள்ளே குறைந்திருந்த அழுத்தம் மறுபடி ஏறி இழுவை குறையும், மேல்தட்டில் இருக்கும் பாண்டங்களும் குளிர்ந்துபோகும். பழைய பழக்கத்தில் பார்வைத் துளையின் அடைப்பானை எடுத்துவிட்டுச் சுடுபவர்கள் நிறையப் பேர். விசிறி வைத்த பிறகு அதைச் செய்யக் கூடாது. மூடி முழுக்க மூடியிருக்க வேண்டும், எல்லா அடைப்பான்களும் இடத்தில் இருக்க வேண்டும். அடைப்பானை எடுத்தால் பெரிய ஓட்டை வழியாக எல்லாக் காற்றும் போய், மற்ற இடுக்குகளில் இழுவை செத்துவிடும்.

துளை போடும்போது இன்சுலேஷன் செங்கல் மாவாக உதிரும், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க் அங்கேதான் தேவை. மகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போட்டு, ஈரத்துணியால் துடையுங்கள், பெருக்க வேண்டாம். மூடியில் செங்கலுக்குப் பதில் வெள்ளைப் பஞ்சுபோன்ற இழைப்பலகை இருந்தால் நீங்களே துளைக்காதீர்கள். நெடுங்காலம் உயர்சூடு பட்ட அந்த இழையில் கிறிஸ்டோபலைட் என்ற ஆபத்தான சிலிக்கா உருவாகியிருக்கும்.

கருவியை மாட்டியதோடு வேலை முடியவில்லை, சோதிக்க வேண்டும். இதற்கு ஒரு ஊதுபத்தி போதும். சூளை குளிர்ந்திருக்கும்போது விசிறியைப் போட்டு, புகையும் ஊதுபத்தியை மூடித் துளைக்கு ஒரு விரற்கடை மேலே பிடியுங்கள். மேலே எழும் புகை வளைந்து துளைக்குள் இறங்க வேண்டும். அப்படியே மூடியின் விளிம்பைச் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். எங்கும் புகை உள்பக்கம் சாய வேண்டும், குறைந்தபட்சம் வெளியே விலகித் தள்ளப்படக் கூடாது. இதே சோதனையைச் சூளை சூடேறிய பிறகு, 300 டிகிரி வாக்கில் இன்னொரு முறை கையுறையோடு செய்யுங்கள். சூட்டில் வாயு மேல்நோக்கி அழுத்தும்போதுதான் இழுவை போதுமா என்பது தெரியும். இந்த முதல் ஓட்டத்தில் பாண்டம் எதையும் அடுக்காமல் வெற்றுத் தட்டுகளோடு ஓட்டுங்கள். புகை துளைக்குள் இறங்காவிட்டால் குழாயில் அடைப்பு, நசுங்கல், அடிப்பெட்டி சரியாக ஒட்டாதது, மூடியில் தேவைக்கு மேல் துளை இவற்றில் ஏதோ ஒன்று. விசிறிக்குப் பக்கத்தில் குழாய் வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருந்தால் பெட்டியின் கலப்புத் துளைகள் அடைபட்டிருக்கின்றன.

பிறகு ஊதுபத்தியைப் படுக்கையறைக்குப் போகும் கதவின் இடுக்கில் பிடியுங்கள். புகை சூளை அறைக்குள் சாய வேண்டும். வீட்டுப்பக்கம் சாய்ந்தால், எந்தக் கருவி வைத்திருந்தாலும் மகளின் அறைக்கு வாயு போகிறது. மாதத்துக்கு ஒரு முறையாவது இந்த இரண்டு சோதனையையும் செய்யுங்கள், ஐந்து நிமிட வேலை.

இந்த ஏற்பாட்டால் பாண்டங்களுக்கும் நன்மை உண்டு. முதல் சுடுதல் முடிந்த துண்டு ஒன்றை உடைத்து, உடைந்த முகத்தைப் பாருங்கள். வெளி ஓரம் வெளிர் நிறமாகவும் நடுவில் சாம்பலோ கருப்போ பட்டையாகவும் தெரிந்தால், உள்ளிருந்த கரி எரிய ஆக்சிஜன் கிடைக்கவில்லை என்று பொருள். அந்தக் கரிதான் அடுத்த சுடுதலில் கிளேஸுக்குக் கீழிருந்து வெடித்து ஊசித்துளைகளை உண்டாக்குவது, சில நேரம் பாண்டத்தையே உப்ப வைப்பது. நல்ல இழுவை இருந்து, 700 டிகிரி வரை மணிக்கு 80 டிகிரி வாக்கில் நிதானமாக ஏற்றினால் அந்தக் கருப்புப் பட்டை பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஹூட் கெட்டது என்று நான் சொல்லவில்லை. முன்கதவு உள்ள பெரிய சூளைகளுக்கும், ஒரே அறையில் பல சூளைகள் இருக்கும் இடத்துக்கும் அது பொருந்தும். உங்களுடையது மேலே திறக்கும் மூடி. ஹூட்டைத் தாழ்வாக வைத்தால் மூடி திறக்காது, உயரமாக வைத்தால் வாயு அதை எட்டும் முன்பே பக்கக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். உயரம் கூடக்கூட அதற்கு ஈடுகொடுக்கப் பெரிய விசிறி வேண்டும். இன்னொன்று, ஹூட்டுக்கும் சூளைக்கும் நடுவேதான் நீங்கள் குனிந்து பார்க்கும் முகம் இருக்கிறது. மேலே போகும் எல்லாமே முகத்தைத் தொட்டுக்கொண்டு போகும்.

அடியிலிருந்து உறிஞ்சும் கருவி ஒரு விஷயத்தில் கைகொடுக்காது, அது அறையின் சூடு. அதற்குத்தான் உங்கள் எக்ஸாஸ்ட் ஃபேன். உச்சத்தில் இருக்கும் சூளையின் உடலிலிருந்து 3 கிலோவாட் சூடு அறைக்குள் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 1.2 கிலோஜூல் வேண்டும். அறை வெளிக்காற்றைவிட 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் இருக்க, மணிக்கு 900 கன மீட்டர் காற்று வெளியே போக வேண்டும். உங்கள் ஃபேனின் லேபிளில் இருக்கும் எண்ணை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சின்ன ஃபேன் என்றால் இதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். பெரியதாக மாற்றுங்கள். சூடான காற்று மேலே தேங்கும் என்பதால் கூரையை ஒட்டி, சூளைக்குப் பின்பக்கச் சுவரில் வருவதுபோல வையுங்கள். சூளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 45 சென்டிமீட்டராவது வெற்றிடம் இருக்கட்டும். அங்கே அட்டைப்பெட்டி, திரைச்சீலை, துணிக்கொடி எதுவும் வேண்டாம்.

ஃபேனைப் பெரிதாக்கும்போது ஒரு ஆபத்து கூடவே வரும், அதைப் பலர் யோசிப்பதில்லை. வெளியே போகும் காற்றுக்கு ஈடாக வெளியிலிருந்து காற்று வந்தே ஆக வேண்டும். வழி விடாவிட்டால் கிடைத்த வழியில் இழுக்கும். வீட்டில் கேஸ் கீசர் இருந்தால், அதன் புகைக்குழாய் வழியாகவே காற்று கீழே இழுக்கப்பட்டு, கீசரின் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் இறங்கும். சூளை வாயுவைத் துரத்தப் போய் இன்னொன்றை வரவழைத்த மாதிரி ஆகிவிடும். எனவே ஃபேனுக்கு எதிர்ச்சுவரில், தரையிலிருந்து சற்று மேலே, வெளிக்காற்று நேராக வரும்படி ஒரு வலைத்திறப்பு வையுங்கள். திறப்பின் பரப்பு ஃபேன் வாயைவிடக் குறையக் கூடாது. சூளை ஓடும்போது கேஸ் கீசரைப் போடாமலிருப்பது இன்னும் நல்லது.

மாஸ்க் பற்றி. என்95 தூசுக்கு நல்லது. காய்ந்த மண்ணைத் தேய்க்கும்போது, கிளேஸ் பொடியைக் கலக்கும்போது கட்டாயம் போடுங்கள். வாயுவை அது தடுக்காது. கரித்தூள் அடைத்த கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. காற்றுச் சுத்திகரிப்பான்களும் அப்படியே. ஏசி அறைக்காற்றையே சுற்றிச் சுற்றி விடுவது, அதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். அதோடு, நீங்கள் மாஸ்க் போட்டாலும் பக்கத்து அறையில் தூங்கும் மகள் போடப்போவதில்லை.

எச்சரிக்கைக் கருவி இரண்டு வாங்குங்கள். ஒன்று சூளை அறையில், சூளைக்கு நேர் மேலே இல்லாமல் கொஞ்சம் தள்ளி, நீங்கள் நிற்கும்போது மூக்கு இருக்கும் உயரத்தில். இன்னொன்று மகளின் படுக்கையறையில், அவள் தூங்கும் உயரத்தில். இந்த வாயு காற்றின் எடைக்கு ஏறக்குறைய சமம், எல்லாப் பக்கமும் கலந்துவிடும். வாங்கும்போது எண்ணைக் காட்டும் கருவியாகப் பாருங்கள். சத்தம் மட்டும் போடும் கருவி எப்போது கத்தும் தெரியுமா? அமெரிக்கத் தரமான யூஎல் 2034படி, 70 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 70 பங்கு) அளவு ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் நீடித்தால். ஐரோப்பியத் தரமான ஈஎன் 50291படி, 50 பிபிஎம் அளவு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடித்தால். அதற்குக் கீழே அது பெரும்பாலும் வாய் திறக்காது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் 24 மணி நேரச் சராசரிக்கு வைத்த வரம்பு கன மீட்டருக்கு 4 மில்லிகிராம், பிபிஎம் கணக்கில் நாலுக்கும் குறைவு. கருவி உயிர் போகும் ஆபத்துக்காக வடிவமைக்கப்பட்டது. குழந்தைக்குத் தலை வலிக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை இல்லை. எண் காட்டும் கருவி இருந்தால், 10 என்று வந்தாலே உங்களுக்குத் தெரியும், ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு கசிவைத் தேடலாம். படுக்கையறையில் பூஜ்யம்தான் இருக்க வேண்டும், அதில் சமரசம் வேண்டாம். இந்தக் கருவிகளின் உணரிக்கு ஆயுள் உண்டு. பின்பக்கம் காலாவதித் தேதி இருக்கும், சோதனைப் பொத்தான் பெரும்பாலும் மின்சுற்றையும் ஒலிப்பானையும்தான் சோதிக்கிறது, உணரியை இல்லை.

இந்த அளவுக்குச் செய்ய இடமோ வசதியோ இல்லையென்றால், சூளையை வீட்டிலிருந்து பிரிந்த கொட்டகைக்கு மாற்றுவது எல்லாவற்றையும்விடச் சிறந்தது. மழை படாத கூரையும் இரண்டு பக்கத் திறப்பும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பின்னாளில் கேஸ் சூளையோ, மரத்தூளில் புகைமூட்டும் 'ராக்கு' (raku) முறையோ ஆசைப்பட்டால் அவற்றை வீட்டு அறைக்குள் செய்ய எந்த வழியும் இல்லை. அவை வெளியில்தான்.

மின் இணைப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று. 7 கிலோவாட் சூளை 230 வோல்ட்டில் 30 ஆம்பியர் வரை இழுக்கும், அதுவும் மணிக்கணக்காக. அதற்குத் தனி லைன் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் பார்த்துவிடுங்கள். அவர் வரும்போதே உறிஞ்சும் விசிறியைச் சூளையோடு தானாக ஓடும்படி இணைக்கச் சொல்லுங்கள். மின்வெட்டுக்குப் பின் சூளை தானாகத் தொடர்ந்து, விசிறி மட்டும் நின்றுவிடும் நிலைமை வரக் கூடாது.

கடைசியாக, இரவில் சுடுவது. கூடாது. வாயு அதிகம் வரும் நேரத்தில் வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தூக்கத்தில் தலைவலி தெரியாது. காலை ஆறு மணிக்கு ஆரம்பியுங்கள். மணிக்கு 80 டிகிரி ஏற்றினால் ஒன்பது மணி வாக்கில் 250 டிகிரியைத் தொடும், மதியம் இரண்டரைக்கு 700ஐத் தாண்டும். அந்த ஐந்தரை மணி நேரம்தான் முக்கியம், மகள் பள்ளியில் இருப்பாள், நீங்கள் விழித்திருந்து எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். பள்ளி விடுமுறை நாளில் முதல் சுடுதல் வைத்துக்கொள்ள வேண்டாம். உச்ச சூடு தொட்டு சூளை அணைந்த பிறகும் விசிறி ஓடட்டும், மறுநாள் மூடியைத் திறக்கும்வரை அதை நிறுத்தாதீர்கள்.